அரை டம்ளர் தண்ணீர்

அவள் நான்கு விரல்களையும் ஜெயசீலியின் தொண்டையில் வைத்தாள்.

ஆட்காட்டி விரல் மோவாய்க்குக் கீழே. நடுவிரல் அதற்கு அடுத்து. மற்ற இரண்டும் குரல்வளை மேட்டில். காலையில் சொல்லிக்கொடுத்தபடியே.

“ஏட்டி, கழுத்த நெரிச்சிராத. வார்டுக்கு ஏற்கெனவே ஆள் பத்தல” என்றாள் ஜெயசீலி.

பக்கத்து ஜோடி சிரித்தது.

கூட்ட அறையில் இருபத்திரண்டு நர்சுகள். பதினொரு ஜோடி. ஒருத்தி பக்கவாதம் வந்த நோயாளியாக உட்கார வேண்டும். மற்றவள் அவளுக்கு விழுங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்ள வேண்டும். ஜோடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி. ஆளுக்கு ஒரு படிவம்.

அவள் நோயாளியாக உட்கார்ந்து எழுந்தாகிவிட்டது. “உனக்குத் தொண்டைக்குள்ள எலியில்ல ஓடுது” என்று சொல்லி, ஜெயசீலி அவளுக்கு ‘இயல்பு’ என்று டிக் போட்டிருந்தாள்.

இப்போது ஜெயசீலி நோயாளி.

முதல் கரண்டி.

உதடு மூடியது. விரல்கள் காத்திருந்தன.

ஒன்று. இரண்டு. மூன்று.

அதற்குப் பிறகுதான் உள்ளே ஏதோ அசைந்தது. மேலே ஏறப் பார்த்து, பாதியில் இறங்கிவிட்டது.

“ஆ சொல்லு.”

ஜெயசீலி சொன்னாள்.

அது ஜெயசீலியின் குரல் இல்லை. தண்ணீர் தேங்கி நிற்கிற குரல்.

இதே குரலைத்தான் காலையில் பயிற்சி கொடுக்க வந்த மேடம் செல்போனில் போட்டுக் காட்டினார். அறையில் பாதிப் பேர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

“இருமுறவங்களப் பத்தி எனக்குக் கவலை இல்ல சிஸ்டர். இருமாம சமத்தா சாப்பிடுறாங்க பாருங்க, அவங்களத்தான் பயந்து பாக்கணும். வயித்துக்குப் போறது நுரையீரலுக்குப் போயிட்டிருக்கும். அவங்களுக்கே தெரியாது.”

ஆடி மாதம் வார்டில் பத்தொன்பதாம் கட்டிலில் ஒருவர் இருந்தார். கொடுத்த கஞ்சியை முழுவதும் குடித்தார். ஒரு இருமல் இல்லை. கொடுத்தவள் அவள்தான். மூன்றாம் நாள் காய்ச்சல். ஏழாம் நாள் அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

ஜெயசீலி இருமவில்லை.

இரண்டாவது கரண்டி.

அதே போல.

ஜெயசீலி கட்டைவிரலால் உதட்டின் இடது ஓரத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே இந்தப் பழக்கம். டைபாய்டு என்று நான்கு நாள் லீவு போட்டுவிட்டு வந்ததிலிருந்து. மத்தியானம் தயிர்ச்சோற்றைக் கூழாகப் பிசைந்து சாப்பிடுவதும் அதிலிருந்துதான். வயிறு சரியில்லை என்று சொன்னாள். ஒரு நர்சு சொன்னதை இன்னொரு நர்சு நம்பிவிட்டாள்.

அவள் விரல்களை எடுத்தாள்.

“எப்பம் வந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

ஜெயசீலி படிவத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அந்த லீவுலதான். லேசாத்தான்ட்டீ. கை கால் எல்லாம் நல்லாத்தான இருக்கு. வியாழக்கெழம கழியட்டும். அதுக்கப்புறம் யார்ட்ட வேணா சொல்லு.”

வியாழக்கிழமை உடல் தகுதிச் சான்று. ஒன்பது வருஷம் தொகுப்பூதியத்தில் இருந்தவர்களை நிரந்தரம் ஆக்குகிற பட்டியலில் இருவர் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. ஒரே நாளில், ஒரே பேருந்தில் வந்து இறங்கி வேலைக்குச் சேர்ந்தவர்கள். சான்று இல்லையென்றால் நிரந்தரம் இல்லை. ஜெயசீலி வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான்.

படிவங்கள் எல்லாம் சாயங்காலம் மருத்துவ அதிகாரியின் மேஜைக்குப் போகும்.

ஓர் அறிகுறி தெரிந்தாலும் அதோடு நிறுத்த வேண்டும். மேற்கொண்டு எதுவும் கொடுக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். படிவத்தின் தலைப்பிலேயே தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது.

அவள் நிறுத்தினாள்.

பேனாவை எடுத்தாள். ‘இயல்பு’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள். கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். நேரம் போட்டாள்.

ஜெயசீலி மேஜைக்கு அடியில் அவள் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள்.

“முடிஞ்சுதா சிஸ்டர்?”

மேடம் பின்னால் நின்றிருந்தார். படிவத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு டம்ளரைப் பார்த்தார்.

“மிச்சப் பாதித் தண்ணி அப்படியே இருக்கே! மூணு கரண்டி, அதுக்கப்புறம் அரை டம்ளர் குடிக்க வச்சுப் பாத்தாத்தான இயல்புன்னு போடணும். வார்டுலயும் இப்படித்தான் போடுவீங்களா?”

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெயசீலி டம்ளரை எடுத்துவிட்டாள். மேடத்தைப் பார்த்துச் சிரித்தாள். பேசவில்லை. பேசினால் தெரிந்துவிடும்.

அண்ணாந்து, வாய் நிறைய வாங்கிக்கொண்டாள்.

கன்னம் இரண்டும் உப்பின.

“துப்பிரு.”

அவள் வாயிலிருந்து சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்து ஜோடி கரண்டியைக் கீழே வைத்தது.

அவள் இரண்டு கையையும் குவித்து ஜெயசீலியின் மோவாய்க்குக் கீழே பிடித்தாள்.

“துப்பிரு, சீலி.”

மேடம் அந்தக் கைகளைப் பார்த்தார். படிவத்திலிருந்த டிக்கைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஜெயசீலியின் முகத்துக்கு அருகில் குனிந்தார்.

ஜெயசீலி மேடத்தைப் பார்க்கவில்லை. உப்பிய கன்னத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

அவள் கையை எடுக்கவில்லை.