நாற்பத்தொரு வருஷப் பிழை

"இருபத்துமூணாம் தேதின்னா நான் ரெடி. பத்தொன்பதுன்னா, இப்பவே செருப்பை மாட்டிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவேன்."

அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆபரேஷனுக்கான ஒப்புதல் படிவம் கையெழுத்தில்லாமல் மடியில் கிடந்தது. இதயக் குழாயில் மூன்று அடைப்பு, பத்தொன்பதாம் தேதியைத் தாண்டினால் தனக்குப் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"தேதியில என்னப்பா இருக்கு?" என்றாள் மகள்.

"நான் பிறந்தது இருபத்துமூணு. உங்கம்மாவும் அதே மாசம், அதே இருபத்துமூணு. கல்யாணம் இருபத்துமூணு. நீ பிறந்ததும் அதேதான். இத்தனையும் சும்மாவா அமையும்?"

அடுத்து அச்சகக் கதை வரும் என்று மகளுக்குத் தெரியும். வந்தது. அப்பா அங்கே பிழை திருத்துபவர், அம்மா டைப்பிஸ்ட். ஊழியர் பட்டியலில் அடுத்தடுத்த இரண்டு வரியில் ஒரே பிறந்த தேதி.

"கை தவறி ரெண்டு தடவை அடிச்சிட்டாங்கன்னு சிவப்புப் பேனாவோட போய் நின்னேன். 'பிழை இல்லீங்க, நானும் அன்னிக்குத்தான் பிறந்தேன்'னு சிரிச்சா பாரு..."

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

"அது பிழைதாங்க."

"எது?"

"கண்ணு மேல் வரிக்குத் தாவிடுச்சு. உங்க தேதியையே எனக்கும் அடிச்சிட்டேன். நான் பிறந்தது பத்தொன்பது. நீங்க அவ்வளவு ஆசையா வந்து நின்னீங்களா, திருத்த மனசு வரலை. அப்புறம் எல்லா ரெக்கார்டும் அதைப் பார்த்தே எழுதிட்டாங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அச்சுத்தாளைப் பார்ப்பதுபோல் அம்மாவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். இருக்கிற நெஞ்சுவலி போதாதா என்று மகளுக்குப் பதறியது.

"நான் அன்னிக்கே பிழைன்னு சொன்னேனா இல்லையா!" கட்டிலை ஓங்கித் தட்டினார் அப்பா. "என் கண்ணுக்கா தப்பும்? நாற்பத்தொரு வருஷமா ஏமாத்தியிருக்கே, கள்ளி! அப்போ பத்தொன்பதுதான் உன் நாளா? டாக்டர் வாயில அதே தேதி வந்திருக்கு பாரு! பேனாவை எடு."

கையெழுத்துப் போட்டார். படிவத்திலிருந்த ஓர் அச்சுப்பிழையையும் வட்டமிட்டுக் கொடுத்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிம்மா இத்தனை வருஷம் மறைச்சே?"

அம்மா படிவத்தை நர்ஸிடம் நீட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பட்டியல்ல பிழையே இல்லைடி. டாக்டர் பதினெட்டுன்னு சொல்லியிருந்தா, நான் பதினெட்டுல பிறந்திருப்பேன்."