பார்த்தவள்

விடுமுறையில் கண்டியில் விரிவுரையாளர்களுக்குப் பயிற்சி நடந்தது. வகுப்பில் காணொளியாகப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றிய பாடங்களை யார் யார் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

விரிவுரையாளர் அன்னலட்சுமி தன் பாடங்களைத் திறந்து பார்த்தாள். அநேகமாக எதையுமே யாரும் பார்த்திருக்கவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது.

"இங்க பாருங்க மேடம், இந்த ஒரு பாடத்த மட்டும் ஒரு மாணவி தினமும் பாக்குறாங்க. நேத்தும் பாத்திருக்காங்க" என்றார் பயிற்சியாளர்.

தெல்தெனிய ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் கௌசிகா! கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளை. ஒருத்தியாவது படிக்கிறாளே என்று அன்னலட்சுமிக்கு மனம் நிறைந்தது. தேநீர் இடைவேளையில் அவளைத் தொலைபேசியில் அழைத்தாள். தாய்தான் பேசினாள்.

"கௌசிகாகிட்ட குடுங்கம்மா. லீவுலயும் படிக்கிறாளே, ரொம்ப சந்தோசம்."



"அவ எங்கள விட்டுப் போயிட்டா டீச்சர். லீவுக்கு வந்ததும் டெங்கு காய்ச்சல். அவ போன்ல நாந்தான் பாக்குறேன்."

அன்னலட்சுமி கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா... அந்த ஒரு பாடத்த மட்டும்?"

"அதுலதான் டீச்சர், அவ எந்திரிச்சு உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்குறா. எங்ககிட்ட அவ குரல் அது ஒண்ணுதான் இருக்கு."