வாலைப் பார்த்த வாத்து

"எங்க வாத்தைத் திருடியிருக்கீங்க!"

போனை எடுத்தவுடனே ஜோலீன் போட்ட போடு இது. அமெரிக்காவில் டுலூத் நகரத்துப் பைன்லேக் விமானக் கம்பெனிக்கு அவள்தான் வக்கீல். வழவழா பேச்செல்லாம் அவளிடம் கிடையாது.

மறுமுனையில் வெர்ன் மாக்கி. அதே கம்பெனியில் விமானங்களுக்குப் பெயின்ட் அடித்து ரிட்டையர் ஆனவர். இப்போது கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டுக்காக, பைன்லேக் விமானங்களை அச்சு அசலாக வரைந்து இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாலில் கம்பெனிச் சின்னமான காட்டு வாத்து ஜம்மென்று பறந்தது. அனுமதிதான் இல்லை.

"நான் யார்கிட்டயும் காசு வாங்கலையே, வக்கீலம்மா."

"வாங்காட்டியும் சின்னம் எங்களோடது. இன்னிக்கு உங்களை விட்டா நாளைக்குக் கண்டவனும் போடுவான். அப்புறம் கோர்ட்ல போய் 'எங்க வாத்து'ன்னா சிரிப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பன்னிரண்டு விமானத்தையும் எடுத்துடுங்க."

"பதினொண்ணை எடுத்துடறேன். நானூத்தி ஏழாம் நம்பரை மட்டும் விட்டுடுங்கம்மா. எங்க பெயின்ட் ஷெட் ஆளுங்க இன்னும் நாலு பேர் இருக்கோம், ஆளுக்கொரு ஊர்ல. ஞாயித்துக்கிழமை சாப்பிட்டதும் கம்ப்யூட்டர்ல ஒண்ணாக் கூடி அதைத்தான் ஓட்டறோம். அது போச்சுன்னா நாங்க கூடறதும் போச்சு."

ஜோலீன் அந்த விமானத்தைத் திரையில் திறந்து பார்த்தாள். பற்றிக்கொண்டு வந்தது.

"வாத்து எப்பவும் விமானத்தோட மூக்கைப் பார்த்துத்தான் பறக்கணும். இங்க வலப்பக்கம் வாலைப் பார்த்துப் பறக்குது! கேலி பண்றீங்களா?"

"கேலி இல்லம்மா. நிஜமாவே பதினோரு நாள் அப்படித்தான் பறந்துச்சு. இடப்பக்க ஸ்டிக்கரையே வலப்பக்கமும் ஒட்டிட்டேன். ஊரே சிரிச்சுது. என்னை மூணு மாசம் வீட்ல உட்கார வச்சாங்க."

மெடல் வாங்கியவர் மாதிரி சிரித்தார் வெர்ன்.

வேலையையும் கெடுத்துவிட்டு அதில் பெருமை வேறா? ஜோலீன் நேரே கம்பெனித் தலைவர் லைல் நிஸ்ட்ரமின் அறைக்குப் போனாள். 'எவனோ நம்ம வாத்தைப் போட்டிருக்கானாமே, எடுக்கச் சொல்லுங்க' என்று அவளை ஏவியதே அவர்தான்.

"லைல், ஆள் மசிய மாட்டேங்கிறார். நம்மகிட்ட வேலை பார்த்தவர்தான். வெர்ன் மாக்கின்னு பேரு. ஒரு விமானத்தை மட்டும் விடவே மாட்டாராம்."

படத்தை வாங்கிப் பார்த்தார் லைல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கையிலிருந்த காபி ஆறிப்போனது.

"இதை ஒட்டினது யாருன்னு சொன்னார்?"

"நான்தான்னு சொன்னார். கொஞ்சங்கூட வெட்கம் இல்லாம."

"இன்னுமா அப்படியே சொல்றார்?"

ஜோலீனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"உட்காருங்க ஜோலீன். அனுமதிக் கடிதம் எழுதுங்க. பன்னிரண்டு விமானத்துக்கும். அவர் இருக்கிற வரைக்கும்."

"என்ன லைல் இது! சும்மா தூக்கிக் கொடுக்க முடியாது. ஒரு நிபந்தனையாவது போடணும்."

"போடுங்க" என்றார் லைல். "நானூத்தி ஏழுக்குக் கீழே எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒரு வரி இருக்கணும்: 'இந்த வாத்தைத் திசை மாற்றி ஒட்டியவர் வெர்ன் மாக்கி அல்ல, பெயின்ட் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து அன்றைக்கு ஆறே நாளான லைல் நிஸ்ட்ரம்.'"