ஏழாம் மாடி வரை

லிஃப்ட் கதவு மூடிக்கொள்கிறது. உள்ளே அவள் மட்டும். வெளியே கணவன், கதவுக்கு மேலே மின்னும் சிவப்பு எண்ணைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, இதோ செத்தேன் என்று அவள் இதே லிஃப்டில் சரிந்து பத்து மாதமாகிறது. இதயத்தில் ஒரு குறையும் இல்லை, இது பீதி நோய், பயந்த இடத்துக்கே போய்ப் பழகினால் அடங்கும் என்றார் மனநல மருத்துவர். ஏழாம் மாடி அலுவலகத்தில் திங்கட்கிழமை அவள் மறுபடி வேலைக்குச் சேர வேண்டும். மூன்று, நான்கு. எண் நான்கிலேயே நிற்கிறது. அவன் கால் படிக்கட்டுக்குத் தாவுகிறது.

“சார், போன வாரம் டாக்டர் கூட வந்தப்ப மாதிரி மாடிக்கு ஓடாதீங்க!” காவலாளி சிரிக்கிறார். “நீங்க மூச்சு வாங்குறதைப் பாத்துட்டு, நோயாளி யாருன்னு டாக்டரே கேட்டாராமே. அக்கா சொன்னாங்க.”

அவன் அசடு வழியப் பின்வாங்குகிறான். ஐந்து, ஆறு, ஏழு! பிறகு எண்கள் இறங்குகின்றன. கதவு திறக்கிறது. அவள் நெற்றியில் முடி ஈரமாக ஒட்டியிருக்கிறது; கையில் மருத்துவர் சொன்னபடி பயம் பத்துக்கு எத்தனை என்று குறித்த காகிதம். ஏறும்போது ஒன்பது, ஒன்பது; இறங்கும்போது ஏழு, நான்கு.

“நெஞ்சு அடிச்சுதுங்க. அடிச்சா அடிச்சிக்கோன்னு விட்டுட்டேன்!”

“வா, வா, வீட்டுக்குப் போலாம்.” அவன் இரு கைகளையும் நீட்டுகிறான்.

“பயம் இன்னும் நாலு இருக்கே, ரொம்ப ஜாஸ்தி. தள்ளி நில்லுங்க,” என்றபடி அவள் ஏழாம் எண் பொத்தானை அழுத்துகிறாள்.