மைட் என்றால்

கண் மருத்துவரின் அறையில் இப்போதுதான் விளக்கைப் போடுகிறார்கள். சொட்டு மருந்து விட்டதில் தையல்கார அம்மாவுக்கு எல்லாமே வெள்ளைப் புகையாகத் தெரிகிறது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் மகளின் கையைப் பற்றிக்கொண்டு, குரல் வரும் பக்கம் தலையைச் சாய்த்திருக்கிறாள். மேசைமேல் பிளாஸ்டிக் கண் ஒன்று இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. தமிழ் தெரியாத மருத்துவர் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசுகிறார். அறுவை செய்தால், செய்யாவிட்டால் என்று அவர் வாயில் 'மே' வருகிறது, 'மைட்' வருகிறது. ஒரு தடவைகூட 'வில்' வரவில்லை. அலுவலகக் கடிதங்களில் மே, மைட் இரண்டில் கைக்கு வந்ததைப் போட்டுவிட்டுப் போகிறவள் மகள். இன்று ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அறுவை செய்தால் இருக்கிற பார்வையும் போய்விடக் கூடும் என்கிறார் மருத்துவர். அந்தக் 'கூடும்' அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கிறது. "ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்னு சொல்றார்மா" என்கிறாள். ஊசியில் நூல் கோக்கும்போது இருப்பதுபோல் அம்மா அசையாமல் இருக்கிறாள். "அவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா?" "டாக்டருங்க அப்படித்தாம்மா, சுத்தி வளைச்சுப் பேசுவாங்க." மருத்துவர் பேனா மூடியைத் திறக்கிறார். சம்மதமா என்று கேட்டுவிட்டு, சொன்னதையே மறுபடி இன்னும் மெதுவாகச் சொல்கிறார். சுவரோரம் ஏதோ இயந்திரம் ரீங்கரிக்கிறது. எதையும் பார்க்காத கண்களோடு அம்மா மகள் பக்கம் திரும்புகிறாள். "அந்த மைட்னா என்னடி? அவர் அதைச் சொல்றப்பெல்லாம் உன் கை என் விரலை நெரிக்குது."