மேமோகிராமில் தெரியாதது

ஸ்கேன் சென்டருக்குள் காலை வைத்ததும் மதுமதியின் கண்ணில் முதலில் பட்டது அன்னத்தாய்தான்.

திருநெல்வேலியில் இத்தனை ஜனம் இருக்க, ஆழ்வார்குறிச்சியில் மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிற இவளா இன்றைக்கு வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்? எந்த வீட்டில் யாருக்கு எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதுவரை அன்னத்தாய் வாயில் இருக்கும்.

சுற்றிலும் வயிற்றுப்பிள்ளைக்காரிகள். மதுமதிக்குக் கணவன் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஸ்கேன் என்றாலே பிள்ளைக்குத்தான் என்று நினைக்கிற ஊர். புருஷன் இல்லாதவள் ஸ்கேனுக்குப் போனாள் என்றால் என்ன பேச்சு வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாரில் கட்டி என்று மாமியாரிடம்கூடச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. இனிமேல் சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்?

“ஏட்டி மதுமதி, நீ எங்க இங்கன?”

“கூட வேலை பாக்குற டீச்சருக்குத் துணையா வந்தேன் மதினி. நீங்க?”

“வயித்துவலி. பித்தப்பையில கல்லு இருக்கான்னு பாக்கச் சொல்லியிருக்காவ.”

அதற்குள் சீட்டு எழுதுகிற பெண் கூப்பிட்டாள். “மதுமதி, உள்ள வாங்க.”

அன்னத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது மதுமதிக்கு. ஓடினால் கட்டியும் கூடவேதான் வரும். உள்ளே போனாள்.

மதுமதி மதுரையில் எடுத்து வந்திருந்த மேமோகிராமை, அந்த மார்பு எக்ஸ்ரே படத்தை, டாக்டர் பிருந்தா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அதுல ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்காங்களே டாக்டர். பிறகு ஸ்கேன் எதுக்கு?”

“உங்களுக்கு முப்பத்திரண்டு வயசு. இந்த வயசுல மார்புச் சதை நெருக்கமா இருக்கும். இந்தப் படத்துல அது வெள்ளையா விழும். கட்டியும் வெள்ளையாத்தான் விழும். வெள்ளைக்குள்ள வெள்ளைய எங்க போய்த் தேடுறது? அறுபது வயசுக்காரங்களுக்கு மேமோகிராம் நல்லாக் காட்டிக் கொடுத்துரும். உங்களுக்கு இதையும் பார்த்தாத்தான் நிச்சயம்.”

ஸ்கேன் திரையில் ஒரு புள்ளி கறுப்பாகத் தெரிந்தது. டாக்டர் கருவியை அங்கேயே நிறுத்தி அதை அளந்தார்.

“தண்ணிக்கட்டின்னா மை ஊத்தின மாதிரி முழுக் கறுப்பா இருக்கும். இது கெட்டி. பயப்படாதீங்க, சின்னதுதான். நல்லதா கெட்டதான்னு ஊசி வச்சு எடுத்துப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். அடுத்த வாரம் கட்டாயம் வந்துருங்க. தள்ளிப்போட்டா என் கையில ஒண்ணும் இல்ல.”

வெளியே வந்தால், சீட்டு எழுதுகிற பெண் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். “அடுத்த செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணி. மறந்துராதீங்க.”

அன்னத்தாய் இன்னும் அங்கேதான் இருந்தாள். மதுமதி தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினாள்.

அவளோடு ஒரே பஸ்ஸில் போக மனசு வரவில்லை. ஜங்ஷனில் வேண்டுமென்றே இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றாள். செவ்வாய்க்கிழமை வரப்போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள். கட்டியோடு செத்தாலும் மானத்தோடு சாகலாம்.

தெருவுக்குள் நுழைந்தபோது குழாயடியில் பெண்கள் கூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு வாசலில் மாமியார் நின்றாள்.

“உங்கொழுந்தன் சுந்தர் பஸ்ஸுல இருந்து பார்த்திருக்கான். நீ ஸ்கேன் சென்டருக்குள்ள போனியாம். அவன் வந்து சொன்னதும் எனக்கு நெஞ்சடச்சுட்டு.”

மதுமதி குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“பொறவுல்லா அன்னத்தாய் வந்தா.”

“என்ன சொன்னாவ?”

“சொல்லவே கூசுது. மகளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கா, இப்பப் போயி இவ முழுகாம இருக்காளாம், நாப்பத்தஞ்சு வயசுல. தனியாப் போக வெக்கமா இருந்துச்சுன்னு உன்னத் துணைக்குக் கூட்டிட்டுப் போனாளாம். தெருவே சிரிக்குது. அவளுக்கென்னன்னா ஒரு கூச்சமும் இல்ல.”

மதுமதிக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் பெயரை உள்ளே கூப்பிட்ட பிறகும், பித்தப்பைக் கல்லுக்கு வந்த அன்னத்தாய் எதற்காக வந்தாய் என்று மறுபடி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாமியாருக்கு இன்னும் ஆறவில்லை.

“கொழுப்பப் பாத்தியா. அடுத்த செவ்வாக்கிழமையும் துணைக்கு நீதான் போணுமாம். ‘அவ வரமாட்டேம்பா, நீங்கதான் அதட்டி அனுப்பி வைக்கணும்’னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போறா.”