ஆயிரத்து ஆறு

அவர் பதில் சொல்லிவிட்டார். அவள் அடுத்த வரிக்குப் போகவில்லை.

விமானம் மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர வேறெதுவும் இல்லை. கார்த்திகை மாதத்துப் பிற்பகல். சென்னைக்கு இன்னும் பதினைந்து நிமிடம்.

அவள் கையில் செக்லிஸ்ட் அட்டை. கட்டைவிரல் மூன்றாவது வரியிலேயே நின்றது.

காதில் விழவில்லையோ என்று முதலில் நினைத்தார் கேப்டன் காசிநாதன்.

பிறகு, வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தார்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது.

போன மாதமும் இவள்தான் துணை விமானி. இதே சென்னை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஷஹானா அட்டையை எடுத்தபோது, "எல்லாம் நான் பாத்துட்டேன், விடும்மா" என்றார். அவள் விட்டுவிட்டாள்.

தரையிறங்கியதும் அதை மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இருபத்திரண்டு வருடமாக விமானம் ஓட்டுகிறவரை, நேற்றுச் சேர்ந்தவர்களோடு இரண்டு நாள் வகுப்பில் உட்காரவைத்தார்கள். வீட்டில்கூட அவர் அதைச் சொல்லவில்லை.

இன்று கோயம்புத்தூரில் அவளைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தார். அவளும் அசைத்தாள். அதன் பிறகு வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை.

அவள் அட்டையைப் பார்த்துக் கேட்பாள். அவர் சொல்வார். அவ்வளவுதான்.

"அல்டிமீட்டர்" என்றாள், இரண்டாம் முறையாக.

குரலில் குத்தல் இல்லை. பதற்றமும் இல்லை. முதல் தடவை கேட்ட அதே குரல்.

அதான் சொன்னேனே என்று வாய்வரை வந்தது.

விழுங்கிக்கொண்டு, பார்த்தார்.

உயரம் காட்டும் கருவி அது. இறங்கும்போது அந்த ஊரின் காற்றழுத்தத்தை அதில் வைக்க வேண்டும். அப்போதுதான் அது சரியான உயரத்தைக் காட்டும். சென்னைக்கு இன்று ஆயிரத்து ஆறு. அவர் காதால் கேட்டிருந்தார். வைக்கப் போன நேரத்தில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து திசையை மாற்றச் சொன்னார்கள். மாற்றினார்.

வைத்துவிட்டதாகவே மனசில் பதிந்துபோயிற்று.

கருவியில், உயரே பறக்கும்போது எல்லோரும் வைக்கும் ஆயிரத்துப் பதின்மூன்று அப்படியே இருந்தது.

ஏழுதான் வித்தியாசம். ஆனால் அந்த ஏழுக்கு இருநூறு அடி. இந்த வெள்ளைக்குக் கீழே எங்கோ இருக்கும் தரை, அவர் நம்பிக்கொண்டிருந்ததைவிட இருநூறு அடி பக்கத்தில் இருந்தது.

பார்க்காமலே செட் என்று சொல்லியிருக்கிறார்.

குமிழைத் திருகினார். காட்டிய உயரம் மளமளவென்று இறங்கியது.

"ஆயிரத்து ஆறு. செட்."

அவள் எட்டி அவருடைய கருவியைப் பார்த்தாள். தன்னுடையதைப் பார்த்தாள்.

"ஆயிரத்து ஆறு. செட்."

கட்டைவிரல் நகர்ந்தது.

அவர் காத்திருந்தார். ஒரு பெருமூச்சு வரும். ஓரக்கண் பார்வை வரும். குறைந்தது ஒரு "சார்..." வரும்.

எதுவும் வரவில்லை. அவள் நாலாவது வரியைப் படித்தாள்.

அவர் பார்த்தார். பிறகு சொன்னார்.

ஐந்தாவது வரி.

பார்த்தார். சொன்னார்.

பின்னால் நூற்று அறுபது பேர். இங்கே இரண்டு பேர். இத்தனை வருடமும் தான் ஒருவர் மட்டுமே இங்கே இருப்பதுபோல ஓட்டிவந்திருக்கிறோம் என்று தோன்றியது. இரண்டு பேர் என்பது நிம்மதியாக இருந்தது. ஒரு மாதமாக இறுகிக் கிடந்த தோள்கள் தளர்ந்ததை அவரே உணர்ந்தார்.

மேகம் கிழிந்தது. நனைந்த கூரைகள். தளும்பும் ஏரி. குன்றத்தூர் மலைக்கோயில். அப்புறம் நேர் எதிரே, விளக்குகள் எரிய, ஓடுபாதை.

சக்கரங்கள் ஈரத்தில் அலுங்காமல் உட்கார்ந்தன.

விமானத்தை நிறுத்தி என்ஜினை அணைத்ததும் அவள் கடைசி அட்டையை எடுத்தாள். "படிம்மா" என்றார். ஒவ்வொரு வரிக்கும் தொட்டுப் பார்த்துச் சொன்னார். அவசரப்படவில்லை.

படித்து முடித்த நேரம் அவருடைய போன் அடித்தது. யாருக்கு எந்த விமானம் என்று பட்டியல் போடும் அலுவலகத்துப் பையன். என்ஜின் சத்தம் அடங்கிய அந்தச் சின்ன அறையில் அவன் குரல் இருவருக்கும் கேட்டது.

"சார், காலையில கேட்டீங்கல்ல? நாளைக்கு ஷஹானா மேடத்துக்குப் பதிலா வேற ஆள் போட்டுட்டேன்."

பையை மூடிக்கொண்டிருந்த அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஜிப்பை இழுத்தது. அவள் திரும்பவில்லை.

"மாத்த வேணாம்பா" என்றார்.

"சார், நீங்கதானே—"

"நான்தான் கேட்டேன். இப்ப வேணாம்."

போனை வைத்தார். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்கும்மா?"

"பதினொண்ணு இருபது, சார்."

"நீ ஓட்டு" என்றார். "நான் படிக்கிறேன்."